காலைத் தட்டில் தொடங்கும் கல்வி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் நான் மயங்கி விழுந்தேன். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஆசிரியை கேட்டார். "தேத்தண்ணி" என்றேன். அவர் தமது சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து, பாதி இடியப்பத்தை எனக்குத் தந்தார்.

என் அம்மா பொறுப்பில்லாதவர் அல்லர். இருட்டோடு எழுந்து ரொட்டி சுடுவார். அது மலைக்குப் போகும் அப்பாவுக்கும், பிறகு தம்பிமாருக்கும் போகும். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா சாயத்தண்ணியோடு ஓடுவார். மூத்த பெண்பிள்ளையான எனக்கும் அதுதான். லயத்தில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

பிறகு நான் குடும்பநல உத்தியோகத்தராகி, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பதையே தொழிலாகச் செய்தேன். வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கும்போதெல்லாம் அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வரும்.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது 100க்கு 32. இது பரம்பரைக் குள்ளம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. போசாக்குக் குறைந்த பெண்பிள்ளை வளர்ந்து தாயாகும்போது, எடை குறைந்த குழந்தையைப் பெறும் அபாயம் கூடுகிறது. அந்தக் குழந்தையும் பெண்ணாக இருந்தால் கதை மீண்டும் தொடங்குகிறது. 1973, 74 பஞ்சத்தை மூத்த அக்காமார் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பசித்திருந்த சிறுமிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆகவே, இந்தச் சங்கிலியை அறுக்கப் பெண்கள் பாடசாலையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத சிலவற்றைச் சொல்கிறேன். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதையும் தேநீரோடு விழுங்க வேண்டாம். கீரையில் தேசிக்காய் பிழிந்தாலும், சாப்பிட்டபின் ஒரு கொய்யாப்பழம் தின்றாலும் அந்தச் சத்து நன்றாகச் சேரும். வெறும் ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். வளர்ச்சிக்கு அது போதாது. அதோடு ஒரு முட்டையோ, அவித்த பயறோ, ஒரு பிடி நெத்தலியோ வேண்டும்.

இன்று இன்னொரு கஷ்டமும் சேர்ந்திருக்கிறது. காலையில் சாப்பிடாத பிள்ளை, இடைவேளையில் பக்கற் தீனியும் சீனிப்பானமும் வாங்குகிறது. 2016 முதல் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் உண்டு. சிவப்பென்றால் சீனி அதிகம். அதைப் பார்த்து வாங்கப் பழக்குவோம். இரவில் கைத்தொலைபேசியோடு விழித்திருக்கும் பிள்ளைக்குக் காலையில் பசிப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 மணித்தியாலத் தூக்கமாவது தேவை. பின்னேரம் ரியூஷனுக்கு விடும் நேரத்தில் சிறிது விளையாடவும் விடுங்கள்.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பிரிந்து உழைக்கும் தாய்மாரின் மனம் எனக்குத் தெரியும். பிரிவை ஈடுசெய்யச் சொக்லேட் பெட்டிகள் வருகின்றன. தொலைபேசியில் பேசும்போது, "இன்று காலை என்ன சாப்பிட்டாய்?" என்று தினமும் கேளுங்கள். அந்தக் கேள்வி அம்மம்மாவின் சமையலையும் மாற்றும்.

நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டுவோமா என்று சங்கத்தில் பேசப்படுகிறது. வளைவு அழகுதான், நான் எதிரியல்ல. ஆனால் அந்த வளைவுக்குக் கீழே பசியோடு ஒரு பிள்ளை நடந்து வருவாளானால், நமது நூறு வருடத்துக்கு என்ன பெருமை? 2022 நெருக்கடியில் எத்தனை வீடுகளில் காலை அடுப்பு எரியவில்லை என்பதை நாம் கண்டோம். ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: முதலில் காலை மணி அடிக்குமுன் ஒரு கோப்பை அவித்த கடலையோ பயறோ கொடுப்போம், மைதானத்தின் ஓரத்தில் வல்லாரையும் முருங்கையும் நடுவோம். ஏழைப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எழுத வேண்டாம். எல்லாருக்கும் கொடுப்போம். பட்டியலில் பெயர் வந்த வெட்கம் பசியைவிடக் கொடியது.

அன்று பாதிப் பொதியைத் தந்த ஆசிரியைக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கடனை இந்தப் பிள்ளைகளிடம் தீர்ப்போம்.