பரிமளா போட்ட கணக்கு

நான் வாடிப்பட்டிக்காரன். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் மதுரைப் பக்கத்தவர்களுக்கு மேளம்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது கணக்கைப் பற்றி; ராமன் பரிமளா என்ற கணித மேதையைப் பற்றி.

1948ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னையில் சாரதா வித்யாலயா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. அங்கிருந்து பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம். ஆர். ஸ்ரீதரனிடம் ஆய்வு செய்து 1976ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிரெஞ்சுக் கணித அறிஞர் செர் எழுப்பிய கேள்வி ஒன்றுக்கு அந்த ஆண்டுதான் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே விடை கண்டார்கள். அதே கேள்வியை இருபடி வடிவங்களுக்குக் கேட்டால் அதே விடை வருமா? வராது என்று எடுத்துக்காட்டோடு நிறுவினார் பரிமளா, அதே 1976ல்.

இருபடி வடிவம் என்றதும் பிள்ளைகள் மிரள வேண்டாம். நீங்கள் படிக்கிற வர்க்கம்தான். இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போது பூஜ்யம் வரும்? இரண்டுமே பூஜ்யமாக இருந்தால்தான். நூறு எண்களை எடுத்தாலும் அப்படியே. ஆனால் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனியாக ஓர் எண் அமைப்பு உண்டு. அங்கே ஐந்து மாறிகள் இருந்துவிட்டால், எந்த இருபடி வடிவத்தையும் பூஜ்யமாக்கும் எண்கள் கிடைத்துவிடும். எல்லாமே பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. அந்த அமைப்பின் மேல் இன்னொரு தளம் எழுப்பினால், அதாவது ஒரு மாறியின் சார்புகளுக்குப் போனால், எத்தனை மாறிகள் வேண்டும்? எட்டு போதாது, ஒன்பது போதும் என்று பரிமளாவும் அவரோடு சேர்ந்து ஆய்ந்த சுரேஷும் காட்டினார்கள். இரண்டு என்ற பகா எண்ணை மட்டும் அதில் தனியே விட்டிருந்தார்கள். 2010ல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இதழில் அது வெளியானது. எனக்கு இதைவிட அழகான செய்தி அந்த ஆண்டில் வேறில்லை.

பட்நாகர் விருது 1987ல் வந்தது. உலகக் கணித மாநாட்டில் 1994ல் ஜூரிச்சில் பேசினார். 2010ல் ஹைதராபாத்தில் முழு அவைக்கும் உரையாற்றினார். 2005 முதல் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம். 2020ல் இந்திய அரசு அவர் பெயரில் ஓர் ஆய்வு இருக்கையை அறிவித்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு முடிவு இருக்கிறது. கல்யாணமாகி அவர் போனது ஆப்பிரிக்காவுக்கு, கணவர் வேலை பார்த்த தார் எஸ் சலாமுக்கு. அங்கே உட்கார்ந்தால் ஆய்வு நின்றுவிடும். கணவர் தன் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் கணக்குக்காக அவரோடு ஜூரிச்சுக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் எத்தனை மாப்பிள்ளைகள் இதைச் செய்திருப்பார்கள்? எத்தனை மாமியார்கள் பொறுத்திருப்பார்கள்?

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணக்கில் சளைத்தவர்கள் அல்ல. வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் பஸ் ஏறி மதுரையில் இறங்கி பி.எஸ்சி. கணக்குப் படிக்கிறார்கள். படிப்பு முடியும் முன்பே ஜாதகம் கையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. நல்ல வீடாக இருந்தால் பி.எட்., அதற்கு மேல் பேச்சில்லை. ஆசிரியர் வேலை உயர்ந்ததுதான். ஆனால் ஆய்வு என்ற ஒரு வழி இருப்பதையே அந்தப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வெளிநாட்டில் வாழும் நீங்கள் சொல்லலாம். ஊருக்குப் போன் பேசும்போது, கணக்கில் சென்டம் வாங்கிய அண்ணன் மகளைக் கூப்பிட்டு, சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு போனை அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி, கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடும்படி கேளுங்கள். ஊரில் இருக்கிற நாங்கள் சொன்னால் கேட்காத அண்ணன்மார்கள், வெளிநாட்டுத் தங்கை சொன்னால் கேட்கிறார்கள்.