கம்பத்து நம்பர் என்ன?

(ஒரு சிறு நகரத்தின் கிளை நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில, வீட்டு வேலை, கறிக்கடை வரிசை எல்லாத்தையும் விட்டுட்டு இத்தனை பேர் நூலகத்துக்கு வந்திருக்கீங்க. அதுக்கே முதல்ல ஒரு நன்றி. "அரசு சேவைகளைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்று வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். திட்டங்களின் பட்டியலை நான் இங்கே வாசிக்கப் போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிற போனிலேயே கிடைக்கும். நான் ஒரு தெருவிளக்கின் கதையைச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததும் இதைப் போன்ற ஒரு ஊர்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் நாலு பேர் "எப்ப வந்த?" என்று கேட்டுவிடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், எங்கள் தெரு வளைகிற இடத்தில் இருந்த விளக்கு ஒரு நாள் எரியாமல் போனது. அதே இடத்தில் சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப்பும் உடைந்து கிடந்தது. பகலில் பார்த்து நடக்கலாம். ராத்திரியில் தெரியாது.

நான் என்ன செய்தேன்? போட்டோ எடுத்தேன். இதழியல் படித்தவள் இல்லையா, தலைப்பு வைக்கத் தெரியும். "இதுதான் எங்க தெரு. கேட்க நாதியில்லை" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். இருபது பேர் கோப முகம் அனுப்பினார்கள். "சூப்பரா கேட்டீங்க" என்று ஒருவர் எழுதினார். எனக்கும் ஏதோ செய்து முடித்துவிட்ட திருப்தி. அடுத்த நாள் ஸ்டேட்டஸ் தானாக மறைந்தது. விளக்கு எரியவில்லை.

மூன்றாவது வாரம், எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கிற ஆயா அந்த வளைவில் தடுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். "உயிருக்கு ஒண்ணும் ஆகலையே" என்று எல்லாரும் ஆறுதல் சொன்னோம். ஆனா பூக்கட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணும். இரண்டு மாதம் அந்த வீட்டில் வருமானம் நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுத் தாத்தா என்னைக் கூப்பிட்டார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இந்த விளக்கப் பத்தி நீ எழுதினியாமே பாப்பா, யாருக்கு எழுதின?"

"ஸ்டேட்டஸ்ல போட்டேன் தாத்தா."

"அது யாரு, ஆபீஸரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து அவர் கேட்டது இன்னும் குத்தியது. "சரி, கம்பத்து நம்பர் என்ன?"

இருபது வருடமாக அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன், காலேஜ் போனேன். அதில் ஒரு எண் எழுதியிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பல்பு யாருடையது?

மறுநாள் இரண்டு பேரும் கிளம்பினோம். முதலில் போன அலுவலகத்தில், "கரண்ட் கம்பம்னா மின்வாரியத்துல கேளுங்க" என்றார்கள். அங்கே போனால், "கம்பம் எங்களுது, பல்பு அவங்களுது" என்றார்கள். நான் கோபத்தில் போனை எடுத்து வீடியோ ஆன் பண்ணப் போனேன். தாத்தா கையை அமர்த்தினார். "ரெண்டாவதா சொன்னவர் சரியாத்தான் சொல்றாரு" என்றார்.

இது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். தெருவிளக்கைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பின் வேலை. அதாவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராமமென்றால் ஊராட்சி. மின்சாரம் வருவதும், மின்கம்பி அறுந்தால் சரிசெய்வதும் மின்வாரியத்தின் வேலை. ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால் உள்ளாட்சி அலுவலகம். தெரு முழுக்க மின்சாரம் இல்லை, கம்பி தொங்குகிறது என்றால் மின்னகம் சேவை மையம், எண் 94987 94987. ராத்திரி எந்த நேரமும் கூப்பிடலாம். கம்பி தொங்கினால் பக்கத்தில் போய் போட்டோ எடுக்க வேண்டாம், முதலில் தள்ளி நின்று போன் பண்ணுங்க.

திரும்பவும் முதல் அலுவலகத்துக்கே போய் மனுக் கொடுத்தோம். கதையை நீட்டவில்லை, நாலே வரி. எந்தத் தெரு, எந்த வார்டு, கம்பத்து எண் என்ன. எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை. அதனால் என்ன நடந்தது. என்ன செய்ய வேண்டும். கீழே பெயர், முகவரி, போன் நம்பர். சிலாப்புக்குத் தனி மனு, ஏனென்றால் அது பொறியியல் பிரிவைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருந்தால், ஒன்றை முடித்துவிட்டு மனுவையே முடித்துவிட வாய்ப்பு உண்டு. கடைசியில் தாத்தா ஒன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்கினார்: ஒப்புகைச் சீட்டு. முப்பது வருடம் ரிஜிஸ்டர் தபால் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய மனிதர், சும்மா விடுவாரா?

ஆறாவது நாள் விளக்கு எரிந்தது. சிலாப் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. அதற்கு இன்னொரு படி ஏற வேண்டியிருந்தது. அதைச் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கிற படிகள்

முதல் படி, உள்ளூர் அலுவலகம். நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் முகவரித் துறையின் உதவி எண் 1100-ஐ அழைக்கலாம், இணையத்திலும் பதிவு செய்யலாம். மனு எண் குறுஞ்செய்தியாக வரும். அந்த மெசேஜை அழிச்சிடாதீங்க. உங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அந்த எண்தான் சாவி. பெரிய பிரச்சினை என்றால் திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது.

அடுத்த படி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. எங்கள் சிலாப் மனுவுக்கு இரண்டு மாதம் பதில் இல்லை. 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினோம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்கவில்லை. ஏனென்றால் சட்டப்படி நாம் கேட்கக்கூடியது அலுவலகத்தின் பதிவில் இருக்கிற தகவலை. காரணம் பதிவில் இல்லையென்றால் பதிலும் வராது. அதனால் இப்படிக் கேட்டோம்: இந்தத் தேதியிட்ட எங்கள் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, அந்தக் கோப்பின் நகல் தரவும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடும் உண்டு.

எங்களுக்கு மேல்முறையீடு தேவைப்படவில்லை. பதில் வருவதற்கு முன்பே சிலாப் வந்துவிட்டது.

காலி நாற்காலிகள்

இது வரைக்கும் சொன்னது ஒரு ஆள் போராடுகிற கதை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாத்தா கிடைக்க மாட்டார். ஊராகச் சேர்ந்து பேச ஓர் இடம் வேண்டும்.

கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருக்கிற நமக்கு அப்படி ஒன்று வெகுகாலம் இல்லை. 2022-இல் வார்டு குழு, பகுதி சபாவுக்கான விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் உட்கார்ந்து, குடிநீர், சாக்கடை, குப்பை, விளக்கு என்று தங்கள் தேவையைப் பேசுகிற இடம் அது. அங்கே உத்தரவு போட முடியாது. ஆனால் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று சொல்லலாம், நடந்த வேலையைப் பற்றிக் கேட்கலாம்.

எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நான் போனேன். ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பதினோரு பேர் இருந்தோம். என் வயதில் நான் ஒருத்திதான். என் ஸ்டேட்டஸுக்குக் கோப முகம் அனுப்பிய இருபது பேரில் ஒருவர்கூட வரவில்லை.

பேச்சு பெரும்பாலும் ரோடு, தண்ணீர் என்றே போனது. முடிகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக்கடை வைத்திருப்பவர். "பஸ் ஸ்டாண்டு லேடீஸ் கக்கூஸ் கதவுல தாழ்ப்பாள் இல்லீங்க. நாங்க ஒருத்தர் உள்ள போனா ஒருத்தர் வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறோம். தனியா வர்ற புள்ளைங்க போறதே இல்ல" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த பஸ் ஸ்டாண்டில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள். நானும் அதில் ஒருத்தி. நானும் தாழ்ப்பாள் இல்லாத கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பியவள்தான். அதை ஒரு பிரச்சினையாகச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த அக்கா சொன்னது குறிப்பேட்டில் ஏறியது. சில நாளில் தாழ்ப்பாள் வந்தது.

அவர் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அந்த நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து பேசிய ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு மதிப்பு.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குத் தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தில், 1,100 வருடங்களுக்கு முன்பு, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா அந்தச் சபையில் நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். இட்லிக்கடை அக்காவுக்கு அங்கே இடம் கிடையாது. எனக்கும் கிடையாது. இன்றைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நாற்காலி உண்டு. தமிழ்நாட்டின் உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த நாற்காலியைக் காலியாக விடலாமா?

நம்ம பங்கு

கேட்கிறவர்கள் கொடுக்கவும் வேண்டும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிவாகக் கிடைக்கும். போனிலேயே கட்டலாம். குப்பையைப் பிரித்துக் கொடுங்க. ஒரே பையில் கட்டிப் போட்ட சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் வெறுங்கை என்பதை நினைத்துப் பாருங்க.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் தெருப் பெரியவர்களுக்கு எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவு என்று தெரியும். உங்களுக்குப் போன் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வாரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டு ஆயாவின் மனுவைப் பதிவு செய்து கொடுங்க. அவங்க போனுக்கு வருகிற ஓடிபியை எவனுக்கும் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுங்க.

எல்லாம் நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் இன்னும் ஒரு விளக்கு மினுக் மினுக் என்றுதான் எரிகிறது. மனு எண் என் போனில் இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். தாத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால் கம்பத்து எண்ணை நான்தான் படித்துச் சொல்கிறேன். ஆயா மறுபடி பூக்கட்டுகிறார். மழைக் காலத்தில் மட்டும் கை வலிக்குமாம்.

இன்றைக்கு இங்கிருந்து வீட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்க. போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்க. விளக்கு எரிகிற போதே.