கைக்காசா, செக்ரோல் பேரா?



"செக்ரோல்ல பேரு இருந்தா விடியவே பெரட்டுக்கு ஓடணும். கிலோ குறைஞ்சா அரைப்பேரு. கைக்காசுன்னா பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு மெதுவா மலைக்குப் போகலாம்." லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். பிள்ளை மடுவம் ஒழுங்காக நடக்காத டிவிஷனில் கைக்குழந்தைக்காரி வேறு என்ன செய்வாள்?

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றால், அதற்கு மேல் தோட்டம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். நாளுக்கு 202 ரூபாய் 50 சதம். கையில் வராததால் இதை நாம் சம்பளமாக நினைப்பதில்லை. ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணம். இதே சம்பளத்தில் 20 வருஷத்துக்கு 378,000 ரூபாய்!

கைக்காசுக்கு சேமலாப நிதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிகமாகச் செய்தாலும், கிலோ கணக்கில் செய்தாலும் அது உண்டு. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கைக்காசுக்குப் போகிறவர்கள் நாள், கிலோ, வாங்கிய காசு மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி இருந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போக நாங்கள் தயார். பெரட்டு நேரம், பிள்ளை மடுவம் பற்றி துரையோடு பேசுவதும் சங்கத்தின் வேலைதான்.

செக்ரோலில் பேரை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைக்குமுன், தோட்டத் தலைவரிடம் உங்கள் சேவைக்காலக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.