குற்றமற்றவர் கதையைக் கூறும் முறை



வகுப்பறையில் ஒரு பொருள் காணாமற்போனால், சான்று கிடைக்குமுன்னரே யாரேனும் ஒருவர் பெயர் எழுந்துவிடும். ஆசிரியப் பணியில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாட்டின் நீதிமன்றங்களிலும் இவ்வாறு நேர்வதுண்டு.

நம் நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாசிரியர் கத்திக்குத்துப்பட்டு மாண்டார். அவ்வழக்கில் கலைவாணரும் எம். கே. தியாகராஜ பாகவதரும் குற்றவாளிகளென ஜூரிகளில் பெரும்பான்மையோர் முடிவு கூறினர். 1945இல் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டையும் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. பின்னர் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், வழக்கை மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. சாட்சியங்களை மறுபடியும் சீர்தூக்கிய உயர் நீதிமன்றம், 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. தண்டனைக்கும் விடுதலைக்கும் இடையே ஏறத்தாழ 2 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தகைய வரலாற்றை மேடையில் எவ்வாறு எடுத்துரைப்பது? சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். பாண்டியன் அவையில் கண்ணகி அழுது நின்றதோடு அமையவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பிலிருப்பது முத்து என்றான் மன்னன். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அவளுடைய பேச்சுக்குச் சான்றே வலிமை தந்தது.

நமது வில்லுப்பாட்டிலும் ஒரு பாடம் உண்டு. கலைவாணர் காந்தியடிகளின் வரலாற்றை மக்களிடம் கொண்டு சென்றது இக்கலையின் வழியாகத்தான். வில்லடிக்கும் புலவர் கதை சொல்ல, அருகிலிருப்பவர் 'ஆமா' போடுவார். இடையிடையே வினாவும் எழுப்புவார். அவ்வினா கேட்போர் மனத்திலுள்ள ஐயமேயாகும். நீங்களும் பேசும்போது அத்தகைய ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டதாக எண்ணுங்கள். "கண்டவர் யார்? எங்கிருந்து கண்டார்? முன்பு வேறு விதமாகச் சொன்னாரா?" என்று அவர் கேட்கட்டும். விடையில்லாத இடத்தில், விடையில்லை என்றே சொல்லுங்கள்.

லட்சுமிகாந்தனின் எழுத்தை வெறுத்தோர் பலர். அதனால் அவர் கொலை நியாயமாகிவிடாது. அவரைக் கொன்றவர் எவர் என்பதும் இறுதிவரை நிறுவப்படவில்லை. கைதட்டலை விரும்பி, "இன்னாரே கொலைஞர்" என்று மேடையில் ஒரு பெயரைக் கூறிவிட்டால், எந்த அநீதியைக் கண்டிக்க எழுந்தோமோ அதனையே நாமும் இழைத்தவராவோம்.

உங்கள் மன்றங்களில் இவ்வழக்கைப் பற்றிப் பேசுங்கள். பேச எழுமுன், நாள் முறைப்படி நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.