ஓரெழுத்துக் கூடிய மந்திரமும் முதல் வேலையும்

(சுருத பஞ்சமி விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமி ஆகமத்துக்குரிய நாள். இந்நாளின் வரலாறு அவையோர் அறிந்ததே. சௌராட்டிர நாட்டுக் கிர்நார் மலையில், சந்திர குகையில் தங்கியிருந்த தரசேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடுமோ எனக் கவலையுற்றுத் தென்னாட்டு முனிவர்களுக்குச் செய்தி விடுத்தார். இரு முனிவர்கள் வந்தனர். வந்த உடனே ஆசாரியர் பாடம் தொடங்கவில்லை. ஆளுக்கொரு மந்திரத்தை அளித்து, இருநாள் உபவாசமிருந்து செபிக்குமாறு பணித்தார். ஒரு மந்திரத்தில் ஓரெழுத்து மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைந்திருந்தது. செபத்தின் முடிவில் தோன்றிய தேவியருள் ஒருத்தி பல் நீண்டும், மற்றொருத்தி ஒரு கண் இன்றியும் காட்சியளித்தனர். தேவர்க்கு அங்கக் குறை இல்லை என்பதை அறிந்த முனிவர்கள், பிழை தேவியரிடத்தில் இல்லை, மந்திரத்தில் உள்ளது எனத் தெளிந்தனர். மந்திர இலக்கணப்படி எழுத்தைக் குறைத்தும் கூட்டியும் திருத்தி மீண்டும் செபித்தனர். தேவியர் குறையற்ற வடிவில் தோன்றினர். நடந்ததை ஒளிக்காமல் ஆசாரியரிடம் உரைத்தனர். அதன் பின்னரே பாடம் தொடங்கிற்று. அவர்களே புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். சட்கண்டாகமம் அவர்கள் வழியாக நூல்வடிவம் பெற்றது. அவர்களுள் பூதபலி முனிவர் தமிழ்நாட்டுக்கு எழுந்தருளினார் என்று மரபு கூறுகின்றது.

இவ்வரலாறு மென்பொருள் துறையில் முன் அனுபவம் இன்றி நுழைய விரும்பும் இளைஞர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதிக்கத் தக்கது. தரசேனர் அவ்விருவரிடம் இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா என்று வினவவில்லை. பிழையுள்ள ஒன்றைக் கையிற் கொடுத்தார். பிழையைக் காணும் கண் உண்டா, காரணத்தைத் தேடும் பொறுமை உண்டா, திருத்தும் இலக்கண அறிவு உண்டா, நடந்ததை நடந்தவாறு சொல்லும் வாய்மை உண்டா எனப் பார்த்தார். நல்ல மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு இன்றும் இந்நான்கினையே சோதிக்கின்றது. நிரலில் ஒரு காற்புள்ளி மிகினும், ஓர் அடைப்புக்குறி குறையினும் திரையில் தோன்றுவது பல் நீண்ட தேவியே.

வந்தவாசி, போளூர், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் உள்ள சமண இல்லங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நிகழ்கின்றது. தந்தை விவசாயி அல்லது ஆசிரியர். மகனோ மகளோ பட்டம் பெற்று ஓராண்டு கழிந்துவிட்டது. கல்லூரி வளாகத் தேர்வில் இடம் கிட்டவில்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் ஈராண்டு அனுபவம் கேட்கின்றன. வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்னும் இச்சுழலில் பிள்ளை சோர்கின்றது. உறவினர் வினவும்போதெல்லாம் தாய் பேச்சை மாற்றுகின்றாள்.

நிறுவனங்கள் அனுபவம் கேட்பதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். புதியவர் ஒருவர் தாமாக வேலை செய்யும் நிலையை எய்தச் சில மாதங்கள் ஆகும். அதுவரை மூத்த பணியாளர் ஒருவரின் நேரமும் அவருக்காகச் செலவாகும். அச்செலவு வீணாகுமோ என்னும் ஐயமே ‘ஈராண்டு அனுபவம்’ என்று விளம்பரத்தில் எழுதப்படுகின்றது. ஆகவே ஆண்டுக் கணக்கைக் காட்ட இயலாதவர், அந்த ஐயத்தைத் தீர்க்கும் சான்றினைக் காட்டுதல் வேண்டும். நுழைவு வழி அதுவே.

அச்சான்றினை ஈட்டும் முறை யாது? சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பாயிரம் இதற்கு விடை தருகின்றது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கேட்டாலும் கல்வியிற் காற்கூறுதான் கைகூடும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைக்கூறும் நிறையும் என்பது அதன் கருத்து. பயிற்சி மையத்துக்குப் பெருந்தொகை செலுத்திச் சான்றிதழ் பெற்று வந்த பிள்ளைக்கு வேலை கிடைக்காதது ஏன் என்னும் வினாவுக்கும் விடை இங்கேயே உள்ளது. அப்பிள்ளையிடம் இருப்பது காற்கூறு.

முதற் காற்கூற்றுக்கு இன்று பெரும்பொருள் தேவையில்லை. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினாற் போதும். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் சேர ஜேஇஇ தேர்வு கட்டாயமன்று. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் வென்றவர் சேரலாம். வேறு கல்லூரியில் வேறு பாடம் படிப்பவரும் உடன் பயிலலாம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்க்குத் திறன் பயிற்சியளிக்கின்றது.

முதலிற் கற்க வேண்டியவை சிலவே. ஏதேனும் ஒரு நிரல்மொழி வேண்டும். 1991 முதல் வழங்கிவரும் பைத்தான் தொடக்கத்துக்கு எளியது. தரவுத்தளத்தை வினவும் எஸ்கியூஎல் மொழி வேண்டும். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்னும் கருவியின் பழக்கமும் வேண்டும். இம்மூன்றையும் அரைகுறையாக விட்டுப் பத்து மொழிகளின் பெயர்களைத் தன்விவரக் குறிப்பில் அடுக்குவோர், முதல் வினாவிலேயே இடறுகின்றனர்.

எஞ்சிய முக்காற்கூறு செய்து காட்டலில் உள்ளது. பிறர் செய்த மாதிரியைப் படியெடுத்துப் பத்துத் திட்டப்பணிகளை வைத்திருப்பதினும், ஒரே ஒரு மனிதருக்கேனும் நாள்தோறும் பயன்படும் சிறு மென்பொருள் ஒன்றைச் செய்தல் மேலானது. ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வரவுக் கணக்கு, ஜினாலயத்து நித்திய பூசைக் கட்டளைதாரர் பட்டியல், கோயிலிற் காக்கப்படும் ஓலைச்சுவடிகளின் அட்டவணை ஆகியவற்றுள் ஒன்றே போதும். செய்து கொடுத்த மறுநாளே அர்ச்சகரோ செயலாளரோ ஒரு குறை சொல்வார். ஒரே பெயரில் இரு கட்டளைதாரர் இருப்பர். ஒருவர் தேதியைக் குறிப்பார், மற்றொருவர் திதியைக் குறிப்பார். அக்குறைகளைத் தீர்த்த விதத்தைத் தேதியிட்டு எழுதி வைத்தல் வேண்டும். நேர்முகத் தேர்வில் அனுபவம் பற்றி வினவப்படும்போது, அந்த ஏடே விடையாகும்.

முன் அனுபவம் அறவே இல்லை என்பதும் பல நேரங்களில் உண்மையன்று. ஆரணி அரிசி மண்டி ஒன்றிற் கணக்கெழுதும் வணிகவியல் பட்டதாரி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த காலத்திலிருந்து பில்லில் எந்தெந்த இடத்திற் பிழை நேர்கின்றது, மூட்டை திரும்பி வந்தால் கணக்கு எவ்வாறு மாறும், கடன் பாக்கி எவ்வாறு தொடரும் என்பவை அவருக்கு உள்ளங்கை நெல்லி. கணக்கியல் மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் நிரல் எழுதும் இளைஞருக்கு இவை தெரியா. ஆகவே அவர் சோதனைப் பிரிவிலோ, வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலோ, மென்பொருளைக் கடைகளில் நிறுவிப் பயிற்றும் பிரிவிலோ நுழைதல் எளிது. ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண்மணி கல்வி மென்பொருள் நிறுவனத்திற் பாட வடிவமைப்புக்குத் தகுதியுடையவர். குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுப் பின்னர் மீள விரும்பும் தாய்மார்க்கும் இவ்வழி பொருந்தும். கைவசம் உள்ள அறிவைத் துறந்துவிட்டு வெறுங்கையோடு வாயிலில் நிற்க வேண்டுவதில்லை.

வாயில்களும் பலவாகும். பட்டமில்லாத மாணவரைப் பயிற்றிப் பணியிலமர்த்தும் முறையை ஜோஹோ நிறுவனம் 2005 வாக்கிலேயே சென்னையில் தொடங்கிற்று. ஊக்கத்தொகையுடன் கூடிய அப்பள்ளி தென்காசியிலும் நடைபெறுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரைப் பயிற்றிச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் எச்சிஎல் நிறுவனத்திலும் உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, பட்டதாரிகளும் டிப்ளமோ பெற்றோரும் ஓராண்டு உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம். தென்மண்டலத்துக்குரிய பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. அரசு அங்கீகாரம் பெற்ற அவ்வோராண்டு, தன்விவரக் குறிப்பில் எழுதத் தக்க உண்மையான அனுபவமாகும்.

உண்மையான அனுபவம் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் உண்டு. அச்சுழலிற் சோர்ந்த பிள்ளையிடம் ஒரு நாள் ஓர் இடைத்தரகர் வருவார். குறித்த தொகை கொடுத்தால் மூன்றாண்டு அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, விசாரித்தால் விடை சொல்ல ஒரு தொலைபேசி எண் ஆகிய அனைத்தையும் தருவதாகச் சொல்வார். எல்லோரும் செய்கின்றனர் என்பார். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த தந்தையின் முகம் பிள்ளையின் கண்முன் நிற்கும். அந்த வேளையில்தான் பொய்யாமை என்னும் அணுவிரதம் சோதிக்கப்படுகின்றது.

விரதத்தைச் சற்று ஒதுக்கி உலகியலாக நோக்கினும் அவ்வழி கெடுவழியே. 2014 முதல் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணில் தொடர்கின்றது. எந்த நிறுவனம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பணம் செலுத்தியது என்பதை அது காட்டிவிடும். பின்னணிச் சரிபார்ப்பு வேலையிற் சேர்ந்த பின்னரும் நிகழும். பொய் வெளிப்பட்டாற் பணி பறிபோகும். வெளிப்படாவிடினும், மூன்றாண்டு அனுபவமுடையவர் செய்ய வேண்டிய வேலையை முதல் நாளே கையிற் கொடுப்பர். தெரியாது என்று கேட்கவும் வழியிராது. புதியவருக்கு உரிய பெரும் உரிமை வினவும் உரிமை. பொய்ச் சான்றிதழ் அதனைப் பறித்துவிடுகின்றது. முனிவர் இருவரும் தேவியின் குறையை மறைத்து, மந்திரம் சித்தியாயிற்று என்று சொல்லியிருந்தால், ஆகமப் பாடம் அவர்களுக்குக் கிடைத்திராது.

இதே அறம் இன்னொரு வடிவிலும் வருகின்றது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் கருவிகள் பெருகியுள்ளன. அவற்றைப் பயன்படுத்துதல் குற்றமன்று. அவை தந்ததைத் தாம் எழுதியதாகக் காட்டி, ஒரு வரிக்கும் பொருள் சொல்ல இயலாமல் நிற்பது கள்ளாமைக்கு மாறானது. அக்கருவிகள் தரும் நிரலிலும் எழுத்து மிகும், எழுத்துக் குறையும். ஒரு கண் இல்லாத தேவியைக் கண்டு, இது இயல்பன்று என்று உணரும் இளைஞருக்கு இக்காலத்தில் மதிப்புக் கூடியுள்ளதே அன்றிக் குறையவில்லை.

சமண இல்லத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஓர் ஐயமும் உண்டு. பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பை, மேலைநாட்டு நேரத்துக்கு இயங்கும் அலுவலகத்தில் எங்ஙனம் காப்பது என்பது அது. பணியை ஏற்கும் முன்னரே வேலை நேரத்தை வெளிப்படையாகக் கேட்டறிதல் வேண்டும். மாலைச் சிற்றுண்டி இடைவேளையில் உணவை முடித்துக்கொள்ளலாமா, இரவுப் பணி கட்டாயமா என்று பணிவுடன் வினவுவதாற் குறையொன்றும் நேராது. நோன்பை விளக்கத் தெரிந்தவரைப் பெரும்பாலோர் மதிக்கின்றனர். முதல் ஆறு மாதம் முழுமையாகக் காக்க இயலாத நிலை வந்தால், பிள்ளை அதை வீட்டிற் சொல்லும் துணிவு பெறுமாறு பெற்றோர் நடந்துகொள்ளுதல் வேண்டும். மறைக்கத் தொடங்கிய பிள்ளை நோன்பையும் வீட்டையும் சேர்த்தே தொலைவில் வைத்துவிடும்.

இறுதியாக, பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். சாத்திர தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் துறையிற் பணிபுரியும் சமண அன்பர்கள் பலர். அவர்களுள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் இளைஞரை ஏற்று, மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் அவர் செய்த நிரலைப் பார்த்துக் குறை சொல்லி, ஒரு மாதிரி நேர்முகத் தேர்வும் நடத்தினால், அதுவும் சாத்திர தானமே ஆகும். அறக்கட்டளைக்கு இதனாற் செலவில்லை. அடுத்த சுருத பஞ்சமிக்குள் இவ்வூர்களிற் பத்துப் பிள்ளைகளேனும் பொய் சொல்லாமல் முதல் ஊதியம் பெற்று வருவர்.

உறவினரும் ஒன்று செய்யலாம். வேலை தேடும் பிள்ளையைக் காணும்போது, வேலை கிடைத்ததா என்று கேட்பதை விடுத்து, இப்போது என்ன செய்து கொண்டிருக்கின்றாய், காட்டு என்று கேட்கலாம். முதல் கேள்விக்குப் பிள்ளை தலை குனிகின்றது. இரண்டாம் கேள்விக்குக் கணினியைத் திறக்கும்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியும் இளைஞர்தம் தொழில் வாழ்விலும் துணை நிற்பதாகுக. அறம் வளர்க!