அடிமை வாழ்வைச் சொல்லும் கதைகள்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மாங்கேணி என்னும் சிற்றூர் உளது. காயான்கேணி, பனிச்சங்கேணி என அயலூர்களும் கேணியின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒரு புறம் கடலும் மறு புறம் களப்பும் சூழ்ந்த நிலத்தில் நன்னீருக்கு உள்ள அருமையை எவரும் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அங்கு வளரும் மாணவன் ஒருவன் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைக் கையிலெடுத்தால் தலைப்பிலேயே திடுக்கிடுவான். உயிர் காக்கும் கேணியில் துன்பம் ஊறலாமோ?

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடிய பாட்டில் வரும் தொடர் அது. அதனையே தலைப்பாக்கி, 1935ஆம் ஆண்டில் ‘மணிக்கொடி’யில் புதுமைப்பித்தன் இந்நெடுங்கதையை எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்து அல்லலுறுவதே கதை.

இதனை அடிமைக் கதை எனலாமோ என்னும் ஐயம் எழலாம். இலங்கையில் அடிமை முறை 1844ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் விலங்கு இருந்த இடத்தில் கடன் வந்து அமர்ந்தது. ஆள் திரட்டிய கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனை வேறொரு தோட்டம் ஏற்றுக்கொண்டாலன்றித் தொழிலாளி இடம் பெயர இயலாது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

ஆகவே மருதியின் பாத்திரத்தை ஆராய்வோர், அவள் பொறுமைசாலி, அபலை என்று குணங்களை அடுக்குவதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் அவளுக்குத் திறந்திருந்த கதவு எது, அதை அடைத்தவர் யார் என்று வினவுதல் வேண்டும். ஊரில் சாதியும் வறுமையும். வழியில் கங்காணியின் ஆசை வார்த்தை. தோட்டத்தில் துரையின் இச்சை. இவ்வாறு வினவும்போது ஒருத்தியின் விதியாகத் தோன்றியது ஓர் அமைப்பின் வேலையாகத் தெரியும்.

கருப்பொருளைக் காணத் தாயையும் மகளையும் சேர்த்து நோக்க வேண்டும். மருதியின் மகள் வெள்ளைச்சியும் அதே தோட்டத்துச் சூழலில் வளர்கிறாள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டுச் சட்டம், தாய் அடிமையெனின் பிள்ளையும் அடிமையே என வகுத்தது. 1852இல் வெளிவந்த ஸ்டோவ் அம்மையாரின் நாவலில், பிள்ளை விலைபோனதை அறிந்த எலிசா அவனைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைக் கடக்கிறாள். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலிலோ, அடிமை வாழ்வுக்குத் திரும்பவிடக் கூடாதென்று தாயே மகளைக் கொன்றுவிடுகிறாள். தன் துன்பத்தைப் பொறுத்தவள், அது மகளைத் தீண்டும்போது பொறுப்பதில்லை. அடிமைத்தனத்தின் முழுக் கொடுமையும் வெளிப்படும் இடம் அதுவே.

உத்தியும் இதற்கே துணை நிற்கிறது. கதையில் தோட்டத்தின் பெயர் ‘வாட்டர் பாலம்’. நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. கேணி, வீழ்ச்சி என நீரின் பெயர்களே சூழ்ந்திருக்க, மருதியின் தாகம் தீரவில்லை. ஆசிரியர் கண்ணீர் வடிக்காமல் ஏளனக் குரலிலேயே இதனைச் சொல்லிச் செல்கிறார். அதனாலேயே வலி மிகுகிறது.

கேணியின் ஆழம் கரையில் நிற்போனுக்குப் புலப்படாது. கயிற்றை இறக்குவோனுக்கே புலப்படும். மாங்கேணி மாணவனுக்கு அது புதிய பாடமன்று.