மாரியில் மத்தளம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். இவ்விரு கரைகளிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஓர் ஊருக்கு மட்டும் உரியவரல்லர். வெற்றிலை வைத்து அழைக்கும் ஊரெல்லாம் அவருடைய ஊரே. 1962ஆம் ஆண்டில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, மாணவர்க்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார்.

சட்டங்கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை பழக்கம் பல மாதங்கள் நீளும். அன்பளிப்போ பெரும்பாலும் அரங்கேற்றத்தை ஒட்டியே கிடைக்கும். இடையில் மழையால் கலைந்த இரவுகளுக்குக் கணக்கேது? ஆகவே, அண்ணாவிமார் பலர் வயலையும் விடுவதில்லை.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வீசும்; வாவி பெருகும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் நீரைக் கடந்தே அக்கரை செல்லவேண்டும். மனிதர் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், மத்தளம் நனையலாகாது. நனையவும் வேண்டுவதில்லை, ஈரக்காற்றே போதும்: தோல் தளர்ந்து ஒலி மந்தமாகிவிடும். கூத்தரின் கால்களோ மத்தளச் சொல்லையே நம்பியிருப்பவை. சொல் தெளிவாக விழாவிடில் ஆட்டமும் தடுமாறும்.

அதனால், போய்ச் சேர்ந்ததும் அண்ணாவியார் கேட்பது சோறன்று, நெருப்பு. அனல் மிகுந்தால் தோல் வெடித்துவிடும், குறைந்தால் பயனில்லை. சற்றே காட்டுவார், வாரை இறுக்குவார், விரலால் தட்டிப் பார்ப்பார், மீண்டும் காட்டுவார். சதங்கை கட்டிய பிள்ளைகள் அதுவரை காத்து நிற்பர்.